முக்கால் பங்கு சோகம்

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டதாரி. இதை முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கடைசியில் சொன்னால் உங்களுக்கு என் மேல் கோபம் வரும். தஞ்சாவூரில் மூன்று வருடம் என்னைப் படிக்க வைத்த அப்பாவுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் எதையும் இரண்டு முறை சரிபார்க்கிறவள். காஸ் அடுப்பை அணைத்துவிட்டு வாசல்வரை போவேன், திரும்பி வந்து குமிழைத் தொட்டுப் பார்ப்பேன். குழந்தை பிறந்த பிறகு இந்த வியாதி முற்றிவிட்டது. யாழினி தூங்கினால், மூச்சு வருகிறதா என்று அவள் மூக்கருகே விரலை வைப்பேன். விரல் பட்டு அவள் விழித்துக்கொண்டு வீறிட்டு அழுவாள். சரி, மூச்சு வருகிறது என்று எனக்கு நிம்மதியாக இருக்கும்.

இப்படிப்பட்ட நான் வாழ்க்கையில் ஒரே ஒரு பொருளைச் சரிபார்க்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அது என் லேப்டாப்.

யாழினிக்கு அப்போது இரண்டு வயது. வீட்டிலிருந்தபடியே பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு எனக்காக நான் கேட்ட முதல் விஷயம் அதுதான். நேர்காணலை ஒரு முறை குழந்தைக்குக் காய்ச்சல் என்று தள்ளிவைத்தாகிவிட்டது. "இனிமே மாத்த முடியாதுங்க மேடம்" என்று அந்த நிறுவனத்துப் பெண்மணி அன்பாகவே சொல்லியிருந்தார். அன்பாகச் சொன்னதால் பயம் இரண்டு மடங்காகிவிட்டது. மூன்று மணிக்கு ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். போனில் எடுக்கக் கூடாது. லேப்டாப்தான்.

என்னிடம் இருந்தது பிளஸ் டூ படிக்கும்போது பள்ளியில் கொடுத்த லேப்டாப். அதை ஆன் செய்துவிட்டு உலை வைத்தால், சோறு வடிக்கும் நேரத்துக்குத் திரையில் வெளிச்சம் வரும். நேர்காணலுக்கு முதல் நாள், குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தஞ்சாவூருக்குப் பஸ் ஏறி, ஒரு கடையில் கொடுத்து முழுசாக ஃபார்மட் செய்யச் சொன்னேன். வேலையை முடித்த கடைக்காரர், "நெட் கனெக்ட் பண்ணி ஒரு தடவ பாத்துட்டு எடுத்துட்டுப் போங்கக்கா" என்றார்.

யாழினி அந்த நேரம் அவர் மேஜையிலிருந்த ஒரு திருகாணியை வாயில் போட்டிருந்தாள். நான் விரலைவிட்டு அதை எடுத்தேன். இன்னொன்று உள்ளே போயிருக்குமோ என்று மறுபடியும் விரலைவிட்டேன். திருக்காட்டுப்பள்ளி பஸ் கிளம்ப இன்னும் பத்து நிமிஷம்தான் இருந்தது.

"பரவால்லைங்க, நான் வீட்ல போயிப் பாத்துக்கிறேன்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நானும் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான்" என்று சேர்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு லேப்டாப்பைத் திறந்தேன். சோறு என்ன, காபி கலக்கக்கூட நேரம் தராமல் திரை பளிச்சென்று வந்தது. ஆனால் வைஃபை அடையாளம் இருக்க வேண்டிய இடம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. எங்கள் வீட்டு இன்டர்நெட் என்பது என் போனின் ஹாட்ஸ்பாட். அப்படி ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாததுபோல் உட்கார்ந்திருந்தது லேப்டாப். உள்ளே போய்க் கருவிகளின் பட்டியலைப் பார்த்தால், வயர்லெஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் முக்கோணமும் அதற்குள் ஓர் ஆச்சரியக்குறியும். அதைவிட எனக்குத்தான் ஆச்சரியம்.

ஏழு முறை அணைத்துப் போட்டேன். எட்டாவது முறை சாமி கும்பிட்டுவிட்டுப் போட்டேன். முக்கோணம் நகரவில்லை.

என் கணவர் செந்தில் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். அவருக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் மெஷின் சத்தம். கத்தினால்தான் கேட்கும். இடுப்பில் குழந்தை இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். அடுப்படியில் என் மாமியார், வயலுக்குக் கொண்டுபோக ஃபிளாஸ்க்கில் டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

"டிரைவர் மிஸ்ஸிங்! அதான் பிரச்சன!" என்று ஓசூரிலிருந்து கத்தினார் செந்தில்.

"என்னது, டிரைவரக் காணுமா?"

"ஆமா! டிரைவர் இல்லாம ஒண்ணும் ஓடாது! எப்படியாவது மொதல்ல டிரைவரப் புடி!"

அடுப்படியில் ஃபிளாஸ்க் மூடி கீழே விழுந்து உருண்ட சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது அத்தை செருப்புகூடப் போடாமல் வயல் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார். டீ ஆறிவிடும் என்று ஓடுகிறார் என நினைத்துக்கொண்டேன். (ஃபிளாஸ்க்கில் இருக்கும் டீ எப்படி ஆறும் என்று யோசிக்கவில்லை. அன்று நான் யோசிக்காமல் விட்டவற்றைத் தனிப் புத்தகமாகப் போடலாம்.)

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அது தை மாதம், சம்பா அறுவடை நேரம். எங்கள் ஊரில் தை மாதத்தில் டிரைவர் என்றால் கதிர் அறுக்கும் மெஷினை ஓட்டுகிறவர் ஒருவர்தான். மெஷினும் அவரும் சேலம், ஆத்தூர் பக்கத்திலிருந்து வருவார்கள். அவர்களுக்காக ஊரே காத்துக்கிடக்கும். அதற்கு முந்தின வருடம் எங்கள் வயல் பாதி அறுத்திருந்தபோது, தெற்குத் தெருக்காரர்கள் டிரைவரைப் பிரியாணி கொடுத்து அழைத்துப்போய்விட்டார்கள். இரண்டு நாள் மழை பிடித்தது. மீதிப் பாதி வயலிலேயே சாய்ந்து முளைத்துவிட்டது. அதிலிருந்து என் மாமனாருக்குப் பிரியாணி வாசனை வந்தாலே முகம் மாறிவிடும்.

இந்த வருடம் அன்றைக்குத்தான் எங்கள் முறை. கிழக்கே மேகம் வேறு திரண்டிருந்தது. 'டிரைவரக் காணும்' என்று ஓசூரிலிருந்தே தகவல் வந்திருக்கிறது என்றால் எப்படி இருக்கும்?

அதே நேரம் நான் கொல்லையில் செந்திலோடு வேறு ஒரு டிரைவருக்காக, வைஃபையை இயக்கும் மென்பொருளுக்காக, சண்டையில் இருந்தேன்.

"டிரைவர நெட்லேருந்து டவுன்லோட் பண்ணு" என்றார்.

"நெட் வந்தா நான் ஏங்க ஒங்களுக்குப் போன் பண்றேன்?"

"போன்ல டவுன்லோட் பண்ணி கேபிள் போட்டு ஏத்து."

போனில் இறக்கினேன். கேபிளைச் செருகினேன். போன் சார்ஜ் ஏறியது. அதற்குமேல் எதுவும் நடக்கவில்லை. திருவிழாக் கடையில் வாங்கிய கேபிள், அதற்குச் சார்ஜ் ஏற்ற மட்டும்தான் தெரியும். புளூடூத்? அதுவும் வைஃபையோடு சேர்ந்து காணாமல் போயிருந்தது. பென் டிரைவ்?

"நம்ம பென் டிரைவ் எங்கங்க?"

இதுவரை கத்திக்கொண்டிருந்தவர் குரலை இறக்கிக்கொண்டு, "இங்கதான் இருக்கு. ரூம்ல படம் பாக்கறதுக்கு எடுத்துட்டு வந்தேன்" என்றார்.

திருக்காட்டுப்பள்ளிக்குப் போய் வாங்கி வரலாம் என்றால், போகிற பஸ் இருந்தது. திரும்பி வருகிற பஸ் மூன்றரைக்குத்தான். நான் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழலாமா என்று யோசித்தேன். அழுதால் கண் வீங்கும், கேமராவில் தெரியும் என்று அதையும் தள்ளிவைத்தேன்.

வயலில் நடந்ததை அதற்குப் பிறகு பல பேர் பல விதமாகச் சொல்லிவிட்டார்கள். எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பதை மட்டும் எழுதுகிறேன்.

அத்தை போய்ச் சேர்ந்தபோது வயலில் மெஷின் தனியாக நின்றது. டிரைவர் முருகேசன் குளிக்கப் போயிருந்தார். வெயிலுக்கு முன்னால் நாலு சுற்று ஓட்டிவிட்டு வாய்க்காலில் ஒரு முங்கு போடுவது அவர் வழக்கம். அது யாருக்கும் தெரியாது. "டிரைவரக் காணுமாம்! தம்பி ஓசூர்லேருந்து போன் போட்டுச் சொல்றான்!" என்று அத்தை மூச்சிரைக்கச் சொன்னதும், மாமா ஆளில்லாத மெஷினைப் பார்த்தார். "பிரியாணி" என்று ஒரே வார்த்தை சொன்னாராம். மொபெட்டை எடுத்துக்கொண்டு தெற்குத் தெருப் பக்கம் பறந்தார். வரப்பில் நின்ற நாலைந்து பேர் நாலைந்து திசையில் ஓடினார்கள்.

முருகேசன் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு கரையேறினால், ஆட்கள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். தன்னை அடையாளம் தெரியாத ஒருவரை நிறுத்திக் கேட்டார்.

"என்னாச்சுண்ணே?"

"டிரைவரக் காணுமாம்ப்பா!"

"அடப் பாவமே! எந்தூரு டிரைவரு?"

"ஆத்தூர்ப் பக்கமாம்!"

தன் ஊர்க்காரர் ஒருவர் காணாமல் போய்விட்டாரே என்று முருகேசனுக்கு மனசு பதறியிருக்கிறது. அவரும் ஓடினார். முக்கால் மணி நேரம் மூங்கில் தோப்பு, மோட்டார் கொட்டகை, டீக்கடை என்று எல்லா இடத்திலும், "நம்ம டிரைவர யாராச்சும் பாத்தீங்களா?" என்று விசாரித்திருக்கிறார். டீக்கடையில் அடையாளம் கேட்டபோது, "எங்கூர்ப் பக்கம்னா என்னைய மாதிரிதான் இருப்பாப்ள" என்று சொல்லியிருக்கிறார்.

தெற்குத் தெருவில் ஏழெட்டு வீட்டுச் சமையலை மோப்பம் பிடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிய மாமா, வாய்க்கால் கரையில் அவரைப் பார்த்து பிரேக் போட்டார்.

"யோவ்! இங்க என்னய்யா பண்ற?"

"டிரைவரத் தேடறேன் அய்யா."

"நீதான்யா டிரைவரு!"

பகல் ஒரு மணிக்கு எங்கள் வாசலுக்கு ஓர் ஊர்வலம் வந்தது. முன்னால் மாமா, அவர் பிடியில் முருகேசனின் முழங்கை. பின்னால் அத்தை, ஃபிளாஸ்க்கோடு.

"இந்தாம்மா, ஆளக் கண்டுபுடிச்சாச்சு. தம்பிக்குப் போனப் போட்டுச் சொல்லு" என்றார் மாமா.

"நான் காணாமப் போவலக்கா" என்றார் முருகேசன், கண் கலங்காத குறையாக. (என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர், மீசையே ஒரு முழம் இருக்கும். ஆனாலும் நான்தான் அக்கா.)

எனக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் தரை பிளந்து என்னை வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது. வெயிலில் காய்ந்த வாசல் தரை, பிளக்கவும் செய்திருந்தது. அதற்குள் என் கால் கட்டைவிரல் மட்டும்தான் போகும்.

"இந்த டிரைவர் இல்ல மாமா... லேப்டாப்புக்கு டிரைவர்."

மாமா லேப்டாப்பைப் பார்த்தார். "இத்தினிக்கூண்டு பொட்டிக்கு டிரைவரா?"

மூன்று வருடப் படிப்பையும் திரட்டி விளக்கினேன். "வைஃபைன்னு உள்ள ஒரு மெஷின் இருக்கு மாமா. அத ஓட்டத் தெரிஞ்ச ஆளு இல்ல."

முருகேசனுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. "மெஷினு நிக்கிது, ஓட்ட ஆளு இல்ல. அவ்ளோதானக்கா? ஆளு எங்கேருந்து வரணும்?"

"நெட்லேருந்து."

"நெட்டு வரணும்னா?"

"அந்த ஆளு வரணும்ண்ணே."

யாழினி முருகேசனின் மீசையைப் பிடித்து இழுத்தாள். மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதயா மூணு வருசம் படிச்ச?" என்றார். திட்டவில்லை, உண்மையாகவே கேட்டார். அதுதான் இன்னும் வலிக்கிறது.

நான் பென் டிரைவ் கதையைச் சொன்னேன். மூன்று மணி நேர்காணலைச் சொன்னேன், இனி மாற்ற முடியாது என்பதையும் சொன்னேன். சொல்லும்போது, தள்ளிவைத்திருந்த அழுகை என்னைக் கேட்காமலே வந்துவிட்டது.

முருகேசன் தொண்டையைச் செருமினார். "பென் டிரைவ் நம்ம மெஷின்ல இருக்குக்கா. பாட்டுப் பொட்டில சொருகியிருக்கேன். ஒரு பக்கம் போன்ல போடலாம், இன்னொரு பக்கம் பொட்டில போடலாம்."

நான் நிமிர்ந்தேன்.

"ஆனா பாட்டு இல்லாம நான் மெஷின் ஓட்ட மாட்டேன்க்கா. தூக்கம் வந்துரும். வரப்புல ஏத்திருவேன்."

எல்லாரும் மாமாவைப் பார்த்தோம். மாமா கிழக்கே மேகத்தைப் பார்த்தார். பாதி அறுத்த வயல் ஒரு பக்கம், மருமகள் அழுகை ஒரு பக்கம். போன வருடம் முளைத்துப்போன நெல் அவர் கண்ணுக்குள் வந்துபோனது எனக்கே தெரிந்தது.

"எவ்வளவு நேரம்மா ஆவும்?"

"அஞ்சு நிமிஷம் மாமா."

கம்ப்யூட்டர் படித்தவர்கள் சொல்லும் ஐந்து நிமிஷம் பற்றி அவருக்குத் தெரியாது. "எடுத்துட்டு வாய்யா" என்றார்.

பென் டிரைவ் வந்தபோது மணி இரண்டு. செருகினேன். முழுவதும் பாட்டு. டிரைவர் உட்கார ஒரு மூலைகூட இல்லை. மூன்று ஃபோல்டர்கள், ஆங்கில எழுத்தில் குத்து, பக்தி, சோகம் என்று பெயர்.

"ஒண்ண எடுத்தாத்தாண்ணே எடம் வரும். எத எடுக்கட்டும்?"

"குத்து வேணும்க்கா, ஆரம்பிக்க. பக்தி எடுத்தா சாமி குத்தமாயிடும்." வெகுநேரம் யோசித்தார். "சோகத்த எடுத்துக்குங்க. ஆனா பத்தரம்க்கா. எட்டு வருசமாச் சேத்தது."

சோகத்தை என் லேப்டாப்புக்கு நகர்த்தினேன். 'மீதி ஐந்து நிமிஷம்' என்று திரை சொன்னது. பிறகு பன்னிரண்டு என்றது. பிறகு நாற்பது என்றது. மாமா வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தார். ஒவ்வொரு முறையும் வானத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த நாற்பது சட்டென்று இரண்டாகி முடிந்தது. பென் டிரைவைப் போனில் செருகி டிரைவரை ஏற்றி, அங்கிருந்து பிடுங்கி லேப்டாப்பில் செருகி நிறுவினேன். இரண்டு ஐம்பதுக்கு மஞ்சள் முக்கோணம் மறைந்து, விசிறி மாதிரி வைஃபை அடையாளம் விரிந்தது.

"வந்துட்டாரு!" என்று கத்தினேன். ஏன் மரியாதை கொடுத்தேன் என்று தெரியவில்லை. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். பென் டிரைவை முருகேசன் கையில் திணித்தேன், அவரை மாமா மொபெட்டில் திணித்தார், யாழினியை அத்தை தூக்கிக்கொண்டார். நான் நைட்டிக்கு மேல் ஒரு நல்ல துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எதையோ மறந்துவிட்டோம் என்று உள்ளே ஒன்று அரித்தது. காஸைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். காஸ் சரியாகத்தான் இருந்தது.

மூன்று மணி. திரையில் அந்தப் பெண்மணி. "நான்தான் ஆறாவது படிக்கிற பொண்ணு. எனக்குப் பின்னம்னா பயம். நீங்க சொல்லிக்குடுங்க மிஸ்" என்றார். என் திரையை அவருக்குப் பகிர்ந்தேன். வட்டம் போட்டேன், நாலாகப் பிரித்தேன். கால், அரை என்று சொல்லி முடிப்பதற்குள் வயல் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த மெஷின் சத்தம் நின்றது. அப்போதுதான் எதை மறந்தேன் என்று எனக்கு உறைத்தது.

ஜன்னலில் முழ மீசை தெரிந்தது.

"அக்கா! என் சோகத்தக் குடுங்கக்கா!"

நான் கேமராவைப் பார்த்துச் சிரித்துவைத்தேன்.

"அக்கா! என் சோகம் பூரா ஒங்ககிட்டதான் இருக்கு! குத்துல ஒண்ணு, பக்தில ஒண்ணு போட்டு முடிச்சாச்சு! இனி சோகம் இல்லாம ஓடாதுக்கா!"

திரையில் அந்தப் பெண்மணி ஆறாம் வகுப்பை விட்டு வெளியே வந்துவிட்டார். "யாருங்க அது?"

பொய் சொல்லத் தெரியாது எனக்கு. "டிரைவர்ங்க."

"ஒங்க டிரைவரா? அவருக்கு என்ன சோகம்?"

"தெரியலைங்க. எல்லாம் என் லேப்டாப்லதான் இருக்கு."

இதற்குமேல் கெடுவதற்கு ஒன்றுமில்லை. "ஒரு நிமிஷம்ங்க" என்றேன். ஜன்னல் வழியே பென் டிரைவை வாங்கிச் செருகினேன். திரை இன்னும் பகிர்ந்தபடியே இருந்தது, நிறுத்தத் தோன்றவில்லை. அந்தப் பெண்மணி பார்த்துக்கொண்டிருக்க, சோகம் என்ற ஃபோல்டர் திரும்பிப் போக ஆரம்பித்தது. பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்தது. கால்வாசியில் நின்றுகொண்டது. பேசாமல் இருந்தால் அழுதுவிடுவேன் என்பதால் பேசினேன்.

"பாப்பா, இந்தக் கட்டத்தப் பாரு. இது மொத்தமும் ஒண்ணு. அண்ணனோட சோகத்துல கால் பங்கு போயிடுச்சு. அப்ப மீதி எவ்வளவு?"

பாடம் கேட்கிற குரலில் பதில் வந்தது. "முக்கால் பங்கு சோகம், மிஸ்."

"இப்போ?"

"அரைப் பங்கு, மிஸ்."

"இன்னும் கால் பங்குதான்க்கா, கமான்!" என்றார் ஜன்னலில் முருகேசன். முழுதும் போய்ச் சேர்ந்ததும் அவர் பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். வயலில் மெஷின் உறுமியது, அதற்கு மேல் ஒரு காதல் தோல்விப் பாட்டு கேட்டது. அந்தப் பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டு கேமராவை அணைத்துவிட்டார். அவ்வளவுதான், போச்சு என்று நான் லேப்டாப்பை மூடினேன்.

கடைசி நெல்லை டிராக்டரில் கொட்டித் தார்ப்பாய் போட்ட பிறகுதான் தூறல் விழுந்தது. மாமா நனைந்துகொண்டே வந்து, "ஒரு மணி நெல்லு விடாம வீட்டுக்குள்ள வச்சாச்சு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஒனக்கு?" என்றார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

மூன்றாம் நாள் மெயில் வந்தது. கையில் கிடைத்ததை வைத்துப் பாடம் நடத்தும் திறமைக்காக என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வேறு யாருக்கோ வந்த மெயிலோ என்று என் பெயரை நாலு முறை எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

வேலையில் சேர்ந்து மூன்று அறுவடை ஆகிவிட்டது. நெட் போனால் இன்றும் மாமா வாசலில் நின்று, "டிரைவரக் காணும்டோய்!" என்று வயல் பக்கம் குரல் கொடுப்பார். அங்கிருந்து யாராவது, "பிரியாணிக்குப் போயிருப்பாரு!" என்பார்கள். யாழினி பள்ளிக்கூடத்தில் தன் வீட்டில் இரண்டு டிரைவர் இருப்பதாகவும், ஒருவர் பெட்டிக்குள் இருப்பதால் சோறு கேட்பதில்லை என்றும் சொல்லியிருக்கிறாள்.

முருகேசன் ஒவ்வொரு தையிலும் வருவார். மெஷினை வயலில் இறக்குவதற்கு முன்னால் எங்கள் ஜன்னலுக்கு வந்து எட்டிப்பார்ப்பார்.

"அக்கா, என் சோகம் பத்தரமா இருக்கா?"

"இருக்குண்ணே" என்பேன். "ரெண்டு காப்பி."